பழைய ஃப்ளாட் ட்ராக் வண்டி: 2008 சி.ஆர்.எஃப். 450-ஆ, ரோட்டாக்ஸ் 600-ஆ?

கொலம்பஸ்வாசி எழுதியது:

வணக்கம். ஒஹாயோவில் இருக்கிறேன். வரும் சீசனில் அமெச்சூர் வகுப்பில் ஃப்ளாட் ட்ராக் (மண் ஓவலில் இடது பக்கமாகவே சுற்றும் பைக் ரேஸ்) ஓட்டத் திட்டம். ரோட்டில் நிறைய ஓட்டிப் பழக்கம் உண்டு, மண் ஓவலில் சக்கரம் வைத்ததில்லை. முதல் வருஷம் எப்படியும் கீழே போட்டு எடுக்கப்போகிற வண்டி, அதனால் பழசுதான் என்று முடிவு. இரண்டைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, 2008 ஹோண்டா சி.ஆர்.எஃப். 450 ஆர். மோட்டோகிராஸ் வண்டியை (மேடு பள்ளத்தில் தாவி ஓடும் ரகம்) டி.டி.எக்ஸ். ஆக, அதாவது மண் ஓவலுக்கு ஏற்றதாக, மாற்றியது. முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம், சஸ்பென்ஷன் இறக்கியாச்சு, முன் பிரேக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 13/48, முன்னால் 13 பல், பின்னால் 48. கேட்பது 3,600 டாலர். "இன்ஜின் இப்பதான் கட்டினது, ரெண்டு ரேஸ்தான் ஓடியிருக்கு" என்கிறார் விற்பவர்.

இன்னொன்று, ஓவலுக்கென்றே சி அண்ட் ஜே செய்த ஃபிரேமில் ரோட்டாக்ஸ் 600 இன்ஜின். நிக்கல் பூச்சு, பார்க்க அழகு. 5,200 டாலர்.

எது முதல் வண்டிக்குச் சரி? நேரில் போனால் எங்கே கை வைத்துப் பார்க்கணும்? பக்கத்தில் கால் மைல், அரை மைல் ஓவல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 13/48 போதுமா?


இடதுவளைவு எழுதியது:

வண்டிக்கு முன்னாடி ஒரு ஃபோன் போடுங்க. நீங்க ஓட்டப்போற ட்ராக்கைக் கூப்பிட்டு, "450 டி.டி.எக்ஸ். எந்த வகுப்புல வரும், ஃபிரேமர் (அந்த ரோட்டாக்ஸ் மாதிரி தனி ஃபிரேம்ல கட்டின வண்டி) எந்த வகுப்புல வரும், எந்த டயருக்கு அனுமதி" இந்த மூணையும் கேளுங்க. டி.டி.எக்ஸ். வகுப்புக்குக் கம்பெனி ஃபிரேம்லயே இருக்கிற மோட்டோகிராஸ் வண்டிதான் வேணும். ரோட்டாக்ஸை வாங்கிட்டு வந்து அந்த வகுப்புல பெயர் குடுக்க முடியாது. ஓபன் சிங்கிள்ஸ் (ஒத்தை சிலிண்டர் வண்டிகளுக்கு), வின்டேஜ் மாதிரி வேற வகுப்பு இருந்தாத்தான் உண்டு. சின்ன ட்ராக்ல அந்த வகுப்புக்கு மூணு பேர் வந்தா அதிகம். முதல் வருஷம் கத்துக்கணும்னா கூட்டம் இருக்கிற வகுப்பு நல்லது. என் ஓட்டு ஹோண்டாவுக்கு, ஆனா கீழே சொல்றதெல்லாம் தேறினா மட்டும்.

"இப்பதான் கட்டினது"ங்கிறதை ஒரு பேச்சா எடுத்துக்காதீங்க. பில் கேளுங்க. பிஸ்டன், ரிங், வால்வு, கேம் செயின், கிராங்க் பெயரிங்னு எதெது மாத்தினதுன்னு பில்லுல தெரியும். பல நேரம் பிஸ்டனும் ரிங்கும் மட்டும் மாத்திட்டு "கட்டினது"ன்னு சொல்வாங்க. இந்த இன்ஜின்ல காசைத் தின்னுறது பிஸ்டன் இல்லை, வால்வு உட்கார்ந்திருக்கிற மேல்பகுதி, அதாவது ஹெட்.

இந்த ஹோண்டாவுல இன்டேக் வால்வு டைட்டானியம். மேல ஒரு மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். தூசி உள்ளே போச்சுன்னா அந்தப் பூச்சு தேயும், அப்புறம் வால்வு தான் உட்கார்ற வளையத்துக்குள்ள இறங்கிட்டே போகும். இறங்க இறங்க வால்வு இடைவெளி குறையும். கடைசியில வால்வு முழுசா மூடாது. அதுக்கு அடையாளம்: ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், சூடான இன்ஜின் அதைவிட அடம் பிடிக்கும். அதனால, போறதுக்கு முன்னாடியே "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லுங்க. போனதும் முதல் வேலை, இன்ஜின்ல கை வைச்சுப் பாருங்க. சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. ஆறின நிலையில ஒரு தடவை, பத்து நிமிஷம் ஓடி நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை கிக் பண்ணிப் பாருங்க. இது கிக் ஸ்டார்ட்டர் மட்டும் உள்ள வண்டி. ரேஸ்ல நடுவுல ஆஃப் ஆனா நீங்கதான் உதைக்கணும்.

விற்கிறவர் சம்மதிச்சா சீட், டேங்க், வால்வு கவர் மூணையும் கழற்றி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) போட்டு வால்வு இடைவெளியைப் பாருங்க. அரை மணி நேர வேலை. அளவு மேனுவல்ல இருக்கிற வரம்புக்குள்ள இருந்தா மட்டும் சந்தோஷப்படாதீங்க. ஷிம் (வால்வு இடைவெளியைச் சரி பண்ணப் போடுற சின்னத் தகடு) எத்தனை தடவை மாத்தினதுன்னு கேளுங்க. ஒவ்வொரு தடவையும் மெல்லிசான ஷிம் போட்டுத்தான் இடைவெளியைத் திரும்பக் கொண்டு வருவாங்க. ரெண்டாவது தடவை மாத்தியாச்சுன்னா அந்த வால்வோட ஆயுசு முடிஞ்ச மாதிரிதான். விலையில ஒரு ஹெட் வேலைக்கான காசைக் கழிச்சுக்குங்க.

அதைவிட முக்கியம் ஏர் ஃபில்டர். ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாய்க்குள்ள சுத்தமான வெள்ளைத் துணியை விரல்ல சுத்தித் தேய்ங்க. துணியில செம்மண் ஒட்டினா வேற எதையும் பார்க்க வேண்டாம். ஓவல் மண்ணுல இருக்கிற தூசி மாவு மாதிரி, எண்ணெய் சரியா தடவாத ஃபில்டர் அதை நிறுத்தாது. ரிங், வால்வு, சிலிண்டர் எல்லாத்தையும் ஒரே சீசன்ல தேய்ச்சுடும். மேலே எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் இந்த ஒரு துணி உண்மையைச் சொல்லிடும்.

எண்ணெய்: இந்த மாடல்ல இன்ஜினுக்குத் தனி, கியர்பாக்ஸ்–கிளட்ச்சுக்குத் தனி. ரெண்டுமே முக்கால் லிட்டருக்குக் கீழேதான். இவ்வளவு கொஞ்ச எண்ணெய்ல இன்ஜின் முழு த்ராட்டில்ல ஓடுதுன்னா, எண்ணெய் மாத்தாம விட்ட ஒவ்வொரு ரேஸும் கிராங்க்ல தெரியும். ரெண்டு டிரெயின் போல்ட்டையும் திறந்து விரல்ல தேய்ச்சுப் பாருங்க. கியர்பாக்ஸ் எண்ணெய் கறுப்பா இருந்து கருகின வாசனை வந்தா கிளட்ச் பிளேட் போச்சு, அது சின்னச் செலவு. இன்ஜின் எண்ணெய்ல வெள்ளி மினுமினுப்பு இருந்தா டூல் பெட்டியை மூடிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

அப்புறம் இடது பக்கம். இந்த வண்டி இடது பக்கம் மட்டுமே திரும்பினது, விழுந்ததும் பெரும்பாலும் இடது பக்கம்தான். இடது ஹேண்டில்பார் முனை, கிளட்ச் லீவர் அடிப்பகுதி, இடது ஃபுட்பெக் பிராக்கெட், இக்னிஷன் கவர், இடது ரேடியேட்டர், எல்லாத்தையும் முட்டி போட்டுப் பாருங்க. தேய்மானம் பரவாயில்லை. ஃபுட்பெக் பிராக்கெட் ஃபிரேமோட சேர்ற இடத்துல விரிசல் இருந்தா வேண்டாம், அலுமினிய ஃபிரேம், வெல்டிங் வேலை லேசு இல்லை. ரேடியேட்டர் உள்ளே தள்ளியிருந்தா ஃபோர்க் கிளாம்ப்பும் திரும்பியிருக்க வாய்ப்பு. முன்சக்கரத்தை ரெண்டு முட்டிக்கு நடுவுல பிடிச்சு நேரா வைச்சா ஹேண்டில்பாரும் நேரா நிக்கணும்.

2008-ல ஹோண்டா இந்த வண்டியில ஸ்டீயரிங் டேம்பர் (ஹேண்டில்பார் உதறலை அடக்குற சாமான்) வைச்சு குடுத்துச்சு. அது இன்னும் இருக்கா, எண்ணெய் ஒழுகுதான்னு பாருங்க. கழற்றிட்டா தப்பில்லை, ஆனா விலையில பேசலாம்.

கடைசியா காகிதம். ஃபிரேம் நம்பரை டார்ச் அடிச்சுப் படியுங்க, அரம் போட்ட தடம் இருந்தா கிளம்பிடுங்க. டைட்டில் (வண்டி உரிமைப் பத்திரம்) இருந்தா அதே நம்பர் அதுல இருக்கணும். விற்பனைச் சீட்டுல ஃபிரேம் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் எழுதி வாங்குங்க.


குரோமோலி எழுதியது:

முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ரோட்டாக்ஸை அப்படித் தள்ளிவிட வேண்டாம்.

ஃபிரேமர் என்பது ஓவலுக்காகவே செய்த வண்டி. குரோமோலி (கலப்பு எஃகு) குழாய் ஃபிரேம், குட்டையான சஸ்பென்ஷன், ஃபோர்க் கிளாம்ப்பிலும் ஸ்விங் ஆர்மிலும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) திருத்திக்கொள்ள இடம். இறக்கிய மோட்டோகிராஸ் வண்டி எவ்வளவு நன்றாக இறக்கினாலும் எஞ்சின் உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ரோட்டாக்ஸின் ஆற்றலும் மெதுவாக, கீழிருந்தே வரும். 450 மோட்டோகிராஸ் எஞ்சின் அப்படி இல்லை. த்ராட்டில் கையில் பழகாதவருக்கு அது வழுக்குகிற மண்ணில் தண்டனை.

சிக்கல் எங்கே என்றால், வயது. ரோட்டாக்ஸின் இந்தக் காற்றுக் குளிர்ச்சி நான்கு வால்வு எஞ்சினில் கேமை ஓட்டுவது பல் பெல்ட். பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். பெல்ட் மலிவு, அறுந்த பிறகு வரும் பில் வேறு.

அடுத்தது எண்ணெய். இது டிரை சம்ப் எஞ்சின், அதாவது எண்ணெய் எஞ்சினுக்கு வெளியே தனியாக இருக்கும். பல ஃபிரேம்களில் எண்ணெய் ஃபிரேமின் முதுகுக் குழாய்க்குள்ளேயே இருக்கும். முன்பு ஒரு முறை எஞ்சின் உள்ளே உடைந்திருந்தால் இரும்புத் தூள் அந்தக் குழாய்க்குள் போய்த் தங்கியிருக்கும். புது எஞ்சினைப் போட்டு, ஃபிரேமைக் கழுவாமல் ஓட்டினால் அந்தத் தூளே புது எஞ்சினையும் தின்றுவிடும். எனவே எஞ்சின் மாற்றியதா என்று கேளுங்கள், மாற்றியிருந்தால் ஃபிரேமைக் கழுவியதா என்று கேளுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து காந்தக் குச்சி விட்டுப் பாருங்கள்.

நிக்கல் பூச்சின் அழகில் மயங்க வேண்டாம், ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. பெயின்ட் விரிசலை மறைக்கும், நிக்கல் காட்டிக்கொடுக்கும். விரிசல் விட்ட இடத்தில் முடி கனத்தில் ஒரு துருக்கோடு ஓடும். ஸ்டீயரிங் கழுத்தைச் சுற்றியுள்ள முட்டுத் தகடுகள், எஞ்சின் மவுன்ட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஷாக் மேல் மவுன்ட்: இந்த நான்கையும் மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எண்ணெய் உள்ள ஃபிரேமில் விரிசல் வழியாகக் கசிவும் இருக்கும்; துடைத்த இடம் கால் மணி நேரத்தில் மறுபடி ஈரமானால் சந்தேகமே இல்லை.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்பதற்கு நூல் போதும். பின் டயரைச் சுற்றி நூலைக் கட்டி இரண்டு பக்கமும் முன் டயர் வரை இழுங்கள். முன் டயர் கொஞ்சம் ஒல்லி என்பதால் நூல் அதைத் தொடாது. இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஹோண்டாவுக்கும் இதையே செய்யுங்கள்.

இந்த வழியில் போகிறவர்கள் கொஞ்ச நாளில் யமஹா எக்ஸ்.எஸ். 650, ஹார்லி எக்ஸ்.ஆர். 750 என்று கேட்க ஆரம்பிப்பார்கள். எக்ஸ்.எஸ். 650 வின்டேஜ் வகுப்புகளில் இன்றும் ஓடுகிறது. அமெரிக்க வீரர் கென்னி ராபர்ட்ஸ் 1973, 1974 தேசியப் பட்டங்களை யமஹாவில்தான் எடுத்தார். எக்ஸ்.ஆர். 750 சேகரிப்பவர்கள் கைக்குப் போய்விட்டது. அதிலும் 1970-இல் வந்த முதல் இரும்பு எஞ்சின் சூட்டுக்குப் பேர் போனது, 1972 அலுமினிய எஞ்சின்தான் ஓடிய எஞ்சின். முதல் வண்டியாக அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

சுருக்கம் கேட்டால்: ஸ்பேர் எஞ்சினும் சக்கரமும் சேர்த்துக் கொடுத்தால் ரோட்டாக்ஸ் யோசிக்கலாம். வெறும் வண்டி 5,200 என்றால் ஹோண்டா.


கொலம்பஸ்வாசி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஹோண்டாவைப் பார்த்தாச்சு. வெள்ளைத் துணி சுத்தமா வந்துச்சு. ஆறின இன்ஜின் மூணாவது கிக்ல பிடிச்சது, சூட்டுல ஹாட் ஸ்டார்ட் லீவரை (சூடான இன்ஜினை ஸ்டார்ட் பண்ண உதவுறது) இழுத்ததும் ரெண்டாவதுல. பில் இருக்கு: பிஸ்டன், கேம் செயின், இன்டேக் வால்வு ரெண்டும். அதுக்கப்புறம் இன்டேக் ஷிம் மாத்தினதே இல்லையாம்.

சந்தேகம் சஸ்பென்ஷன்லதான். ஃபோர்க் கிளாம்ப்புக்கு மேல ரொம்ப நீளமா நீட்டிட்டு இருக்கு, பின்னாடி நீளமான லிங்க் (ஷாக்கைப் பின்சக்கரக் கையோட இணைக்கிற துண்டு) போட்டிருக்காங்க. "உள்ளே ஸ்பேசர் (மடங்குற தூரத்தைக் குறைக்கிற துண்டு) போட்டிருக்கா"ன்னு கேட்டேன், அவருக்குத் தெரியலை. இது எவ்வளவு பெரிய பிரச்சினை?


இடதுவளைவு எழுதியது:

பெரிய பிரச்சினை, ஆனா சரி பண்ணக்கூடியது.

மோட்டோகிராஸ் வண்டிக்குச் சஸ்பென்ஷன் மடங்குற தூரம் 12 அங்குலம் பக்கம். ஓவலுக்கு அதை 3–4 அங்குலம் குறைப்பாங்க. முறையா செய்யணும்னா ஃபோர்க் கார்ட்ரிட்ஜுக்குள்ள ஸ்பேசர், பின் ஷாக் ராடுல ஸ்பேசர், ஸ்ப்ரிங் மாத்துறது. அப்படிச் செஞ்சா ஃபோர்க் எழும்புற எல்லையே குறையும். இவர் செஞ்சது, வண்டியைக் கீழே இறக்கினதே தவிர மடங்குற தூரத்தைக் குறைக்கலை. ஃபோர்க் இன்னமும் 12 அங்குலமும் மடங்கும். முழுசா மடங்கினா முன் டயர் எங்கே போகும்? மேலே கிளாம்ப், மட்கார்டு, ரேடியேட்டர். வளைவு நுழையிற இடத்துல குழி இருந்தா அங்கேதான் முழுசா மடங்கும், அங்கேயே டயர் மாட்டும்.

சோதிக்கிறது சுலபம். ஃபோர்க்கைப் பிரிச்சு ஸ்ப்ரிங்கை வெளியே எடுத்துட்டு மறுபடி மாட்டுங்க, அப்புறம் ஹேண்டில்பார்ல ராட்செட் பெல்ட் போட்டுக் கடைசி வரைக்கும் இழுங்க. டயருக்கும் மேல இருக்கிற எதுக்கும் ஒரு விரல் இடைவெளியாவது வேணும். பின்னாடி ஷாக்கைக் கழற்றி ஸ்ப்ரிங்கை எடுத்துட்டு ஷாக்கை மறுபடி மாட்டுங்க, சக்கரத்தைக் கையால தூக்குங்க. ஏர்பாக்ஸ், மட்கார்டு, சைலன்சர், பிரேக் ஹோஸ் எதையாவது தொடுதான்னு பாருங்க. 140 அளவு ஃப்ளாட் ட்ராக் டயர் மோட்டோகிராஸ் டயரைவிட உயரம், அகலம் ரெண்டும் கூட. கம்பெனி டயர் தொடாத இடத்தை இது தொடும்.

நீள லிங்க்ல இன்னொரு கெடுதல். ஷாக்கோட நெம்பு விகிதம் மாறிடும். வளைவு முடிச்சு த்ராட்டில் திறக்கும்போது பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரம் கனமில்லாம அகலமா ஓடும். பழைய லிங்க்கையே போட்டு ஷாக்கைச் சஸ்பென்ஷன் கடையில குறைச்சு வாங்குங்க. லிங்க்கைக் கழற்றும்போது ஊசி பெயரிங்கையெல்லாம் பாருங்க. ஓவல் மண்ணைப் பிரஷர் வாஷர் போட்டு அடிச்சு அடிச்சு அந்தப் பெயரிங் துருப்பிடிச்சுச் சிக்கியிருக்கும், நூத்துக்குத் தொண்ணூறு அப்படித்தான்.

2013–2016 ஹோண்டா எடுத்திருந்தா இன்னொரு தலைவலி, அதுல காற்று ஃபோர்க். குறைக்கத் தெரிஞ்ச கடைகள் குறைவு, நிறைய பேர் ஸ்ப்ரிங் ஃபோர்க்கா மாத்திக்கிறாங்க. 2008 ஸ்ப்ரிங் ஃபோர்க்தான், அந்த வகையில நல்லது.

ஃபோர்க்கும் ஷாக்கும் சேர்த்துக் குறைக்கிற செலவை ஒரு கடையில கேட்டு, அதைக் காட்டி விலை பேசுங்க. சக்கர செட்டை மட்டும் மறுபடி பாருங்க, இந்த மாற்றத்துல ஒரே பொருளுக்கு அதிகக் காசு அதுக்குத்தான் போகும். ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால தட்டுங்க, ஒரே சுருதியில கணீர்னு வரணும். மொத்தையா சத்தம் வர்ற ஸ்போக் தளர்ந்தது. பக்கவாட்டுச் சுமையில முதல்ல தளர்றது பின்சக்கரம்.


பல்கணக்கு எழுதியது:

கியரிங் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் இது.

டயர் மாறியதும் 13/48 என்பது பழைய 13/48 இல்லை. மோட்டோகிராஸ் பின் டயர் 110/90-19 என்றால் கணக்கு விட்டம் 681 மி.மீ. ஃப்ளாட் ட்ராக் 140/80-19 என்றால் 707 மி.மீ. கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரிசு. அதாவது பின்னால் 48 பல் இருந்தும் 46 போட்ட மாதிரி நடக்கும். முன்சக்கரத்தில் 21-ஐ எடுத்து 19 போட்டதால் முன்பக்கம் தாழும் என்று பலர் நினைக்கிறார்கள், தாழாது. 80/100-21 விட்டம் 693, 130/80-19 விட்டம் 691. சமம். பின்பக்கம்தான் 13 மி.மீ. உயர்கிறது. (மேக்ஸிஸ் டயர் கம்பெனி அளவை 27.5×7.5-19 என்று அங்குலத்தில் எழுதும். அட்டையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

இனி பல் கணக்கு. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது பின்னால் மூன்றரைப் பல்லுக்குச் சமம். 13/48 = 3.69. 14/48 = 3.43. அதே 3.43-ஐ 13-ஐ வைத்துக்கொண்டு எட்ட வேண்டுமென்றால் பின்னால் 44 அல்லது 45 வேண்டும். ஆகவே பெரிய தாவலுக்கு முன் பல், நுணுக்கத்துக்குப் பின் பல். உங்கள் கையில் 13, 14, 15 முன்னாலும், 44, 46, 48 பின்னாலும் இருந்தால் கால் மைலும் அரை மைலும் இரண்டையும் சமாளிக்கலாம்.

எது சரி என்பதை ட்ராக் சொல்லும். நேர்கோட்டின் கடைசியில், த்ராட்டிலை மூடுகிற இடத்துக்குச் சற்று முன்னால் லிமிட்டர் (இன்ஜின் சுழற்சி வரம்பைத் தாண்டாமல் தடுப்பது) தட்டினால் சரி. கோட்டின் நடுவிலேயே தட்டினால் பின்னால் இரண்டு பல் குறையுங்கள். தட்டவே இல்லை, வளைவு முடித்து இழுக்கும்போது இன்ஜின் திணறுகிறது என்றால் இரண்டு பல் கூட்டுங்கள். வளைவுக்கு நடுவில் கியர் மாற்ற வேண்டி வந்தால் அது கியரிங் தப்பு. மதியம் ட்ராக் காய்ந்து வழுக்க ஆரம்பித்தால் சிலர் வேண்டுமென்றே ஒன்றிரண்டு பல் குறைத்து ஓட்டுவார்கள். சக்கரம் சுழன்று வீணாவது குறையும்.

ஒவ்வொரு பல் மாற்றத்துக்கும் அச்சு ஏறக்குறைய 4 மி.மீ. நகரும். 48-லிருந்து 44 போட்டால் 16 மி.மீ. பின்னால் போகும், வண்டியும் அவ்வளவு நீளும். நேர்கோட்டில் நிதானம் கூடும், வளைவில் பின் டயரின் பிடி கொஞ்சம் குறையும். இரண்டு நீளத்தில் செயின் வைத்திருந்தால் அச்சை ஒரே இடத்தில் வைக்கலாம்.

டயர் காற்று: 20 பி.எஸ்.ஐ.-யில் ஆரம்பித்து ஒரு தடவைக்கு ஒரு பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றுங்கள். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பின் டயரின் இடது ஓரம் மட்டும்தான் தேயும். ஓரம் மழுங்கியதும் டயரை ரிம்மில் திருப்பிப் போட்டால் புது ஓரம் கிடைக்கும். விற்பவர் ஏற்கெனவே திருப்பிவிட்டாரா என்று பாருங்கள். இரண்டு ஓரமும் மழுங்கியிருந்தால் டயருக்கு விலை கிடையாது.


ஸ்டீல்ஷூ எழுதியது:

வண்டிப் பேச்சு முடிஞ்சது, இனி நீங்க.

முன் பிரேக்கைப் பெட்டியிலேயே விடுங்க. ஓவல்ல அது அனுமதி இல்லை. பின்சக்கரம் வெளியே போய் முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் தொட்டா முன்பக்கம் மடங்கிடும். தவிர, கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் சட்டுனு நின்னா பின்னால வர்றவர் நேரா மேல ஏறுவார். வலது பக்கம் ஒரு வளைவும் தாவலும் உள்ள டி.டி. (TT) ட்ராக்குக்குப் போனா மாட்டிக்கலாம், பியோரியா மாதிரி இடங்களுக்கு. அதனால பெட்டியைத் தொலைக்காதீங்க.

இடது காலுக்கு இரும்பு ஷூ. கடையில வாங்கி மாட்டுற சாமான் இல்லை இது, உங்க பூட்ஸை அனுப்பி அந்த அளவுக்கு அடிச்சு வாங்கணும். அடியில கடின வெல்டிங் பூசியிருக்கும். மாட்டினதும் குதிகால் ஆடக்கூடாது, ஆடினா ரேஸ் நடுவுல கழண்டு ஃபுட்பெக்ல மாட்டும். கால் முன்னால, முட்டி லேசா மடங்கி, தரையை உரசிட்டுப் போகணும். ஃபுட்பெக்குக்குப் பின்னால போன கால் கணுக்காலைத் திருகிடும். உடம்பு எடை வலது ஃபுட்பெக்ல, நீங்க நிமிர்ந்து, வண்டியை மட்டும் கீழே தள்ளணும். ரோட்டுல ஓட்டிப் பழகினவங்க வண்டியோட சேர்ந்து உள்ளே சாயுவாங்க. இந்த ஒரு பழக்கத்தை விடத்தான் நாள் ஆகும்.

அதைக் கத்துக்க 450 தேவையே இல்லை. இங்கே பல பயிற்சிப் பள்ளிகள்ல 125 சி.சி. வண்டிதான் குடுக்கிறாங்க. இந்தியாவுல ராயல் என்ஃபீல்ட் ஸ்லைடு ஸ்கூல் ஆரம்பிச்சப்பவும் ஹிமாலயனைத்தான் எஃப்.டி. 411-ஆ மாத்திக் குடுத்தாங்க, சாதுவான இன்ஜின். ஒரு வார இறுதி அப்படி ஒரு பள்ளிக்குப் போயிட்டு அப்புறம் ஹோண்டாவை எடுங்க.

ரேஸுக்கு முன்னாடி வண்டிச் சோதனையில நிறுத்துறது பெரும்பாலும் சின்ன விஷயம்: கையில கட்டுற கயிறு வைச்ச கில் சுவிட்ச் (விழுந்தா இன்ஜினை நிறுத்துறது) இல்லாதது, ஹேண்டில்பார் முனையில அடைப்பு இல்லாதது, லீவர் முனை உருண்டை உடைஞ்சது, த்ராட்டில் தானா திரும்பாதது, டிரெயின் போல்ட்டுக்குக் கம்பி கட்டாதது, நம்பர் பிளேட் மூணு இல்லாதது. ரேடியேட்டர்ல கூலன்ட் விடலாமா, வெறும் தண்ணிதானான்னு அந்த ட்ராக்ல முன்கூட்டியே கேளுங்க, இடத்துக்கு இடம் மாறும். ஏ.எம்.ஏ. (அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் சங்கம்) அங்கீகாரம் உள்ள ரேஸ்னா உறுப்பினர் அட்டை வேணும். அவங்க தலைமை அலுவலகம் உங்க பக்கத்துல பிக்கரிங்டன்லதான்.

பயிற்சிச் சுற்றுக்கு முன்னாடி ட்ராக்கை நடந்து பாருங்க. இறுகின களிமண் ட்ராக்னா கறுப்பா ரப்பர் படிஞ்ச ஒரு பாதை விழும், அதுல ஓட்டணும். ஒரு அடி வெளியே போனா கோலிக்குண்டு மேல நடக்கிற மாதிரி. மேல பொலபொலன்னு மண் இருக்கிற ட்ராக்ல அப்படியே தலைகீழ், வெளியே இருக்கிற மண்ணுலதான் பிடி. ஒஹாயோவுல லைமா அரை மைல் அந்த ரகம், பட்டாணிக் கல் போட்ட தரை. டயரும் கியரிங்கும் ரெண்டுக்கும் வேற வேற.


கொலம்பஸ்வாசி எழுதியது:

சஸ்பென்ஷன் கடை மதிப்பீட்டைக் காட்டி 2,900-க்கு முடிச்சாச்சு. ஃபோர்க்கும் ஷாக்கும் கடைக்குப் போயிருக்கு. கடைசியா ஒண்ணு: உயரம் குறைச்ச பிறகு செயின் தொய்வு மேனுவல்ல சொல்ற அளவே வைக்கலாமா?


பல்கணக்கு எழுதியது:

கூடாது. மேனுவல் அளவு கம்பெனி உயரத்துக்கு, ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும் நிலைக்குச் சொன்னது. இப்போது சக்கரம் அந்த அளவு கீழே தொங்காது.

ஷாக் வந்ததும் கீழ் போல்ட்டை மட்டும் மாட்டாமல் வையுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் நடு, ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை சக்கரத்தைத் தூக்கி அடியில் கட்டை கொடுங்கள். செயின் அதிகபட்சம் இறுகும் நிலை இதுதான். அங்கே 10–15 மி.மீ. ஆட்டம் வைத்து அச்சை இறுக்குங்கள். பிறகு ஷாக்கை மாட்டி, ஸ்டாண்டில் தொய்வு எவ்வளவு வருகிறது என்று அளந்து ஸ்விங் ஆர்மில் மார்க்கரால் எழுதி வையுங்கள். இனி உங்கள் வண்டிக்கு அந்த எண்தான். இறுக்கமாக விட்டால் முதலில் போவது செயின் இல்லை, கியர்பாக்ஸ் வெளியச்சின் பெயரிங், அதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும்.